நீதிமன்றம் மக்களை நாடி வரட்டும்!

(தர்மபுரத்திலே கமக்காரரும் சட்டத்துறையினரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று இம்மேடையிலே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேர்தல் அன்று, பதவியும் அன்று. வட மாகாணத்தின் நீதிமன்றக் கட்டடங்களைப் பற்றியே பேச வந்துள்ளோம். "கல்லையும் சீமெந்தையும் பற்றிப் பேசுவதற்கா எங்களை வயலிலிருந்து அழைத்தீர்கள்?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

நீதிமன்றம் எங்கே இருக்கின்றது என்பதைப் பொறுத்தே ஒருவனுடைய உரிமை வாழ்வதும் சாவதும். சட்டப் புத்தகத்திலே எத்தனை உரிமைகள் அச்சிடப்பட்டிருந்தாலும், அவற்றைக் கேட்டுப் பெறும் வாசற்படி முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்குமாயின், வசதி படைத்தவனுக்கே அவை உரிமைகள். ஏழைக் கமக்காரனுக்கு அவை வெறும் எழுத்துக்கள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலே குடியிருக்கும் உங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோட்டைக்குள் இருந்த நீதி

நம்முடைய தேசவழமைச் சட்டம் எங்கே பிறந்தது? நமது கிராமங்களிலே, சீதனமும் முதுசமும் தேடிய தேட்டமும் பங்கிடப்பட்ட வீடுகளிலே பிறந்தது. 1707 ஆம் ஆண்டிலே ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார்; 12 தமிழ் முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். சட்டம் கிராமத்தினுடையது, ஆனால் தீர்ப்பளிக்கும் அதிகாரமோ யாழ்ப்பாணத்துக் கோட்டையில் இருந்தவர்களுடையது. சட்டம் நம்மிடத்தும் நீதிமன்றம் அந்நியனிடத்தும் இருந்த அந்நிலை, ஏதோ ஒரு வடிவத்திலே இன்றுவரை தொடர்கின்றது.

பிரித்தானியர் 1801 ஆம் ஆண்டின் சாசனத்தினால் உயர் நீதிமன்றத்தை நிறுவினர். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து, 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் நாடெங்கும் மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தது. அச்சாசனத்திலே நாம் இன்று நினைவிற் கொள்ள வேண்டிய ஓர் ஏற்பாடு உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதிகள் கொழும்பிலேயே அமர்ந்திருக்கவில்லை. அவர்கள் சுற்றிலே புறப்பட்டு யாழ்ப்பாணம் முதலிய இடங்களுக்கு வந்து, யூரிமாரை அமர்த்தி, பாரிய குற்ற வழக்குகளை விசாரித்தனர். வடபகுதிக்குப் புகையிரதம் வந்தது 1905 இல். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நாட்டின் அதியுயர் நீதிபதி மக்களிருக்கும் ஊருக்கு வர வேண்டுமென்று அந்நிய ஆட்சியே விதித்தது! புகையிரதமும் நெடுஞ்சாலையும் விமானமும் வந்துவிட்ட இந்நாளிலே நாம்தாம் நீதிபதியைத் தேடிக் கொழும்புக்குப் போகின்றோம்.

வன்னியின் நிலை வேறாக இருந்தது. இங்கே உதவி அரசாங்க அதிபரே வரி அறவிடுபவர், அவரே நீதவானும். கச்சேரியும் கோடும் ஒருவர் கையில் இருந்தன. காட்டிலே தடி வெட்டியவனைப் பிடிக்க உத்தரவிட்டவரும் அவனுக்குத் தண்டம் விதித்தவரும் ஒருவரேயானால், அங்கே நீதி எங்ஙனம் தலைநிமிர்ந்து நிற்கும்?

ஆயினும் கிராமத்தின் சிறு வழக்குகளுக்கு ஒரு வழி இருந்தது. 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் கிராம நீதிமன்றங்கள் எழுந்தன. வரம்பு வெட்டிய சண்டை, மாடு மேய்ந்த சண்டை, வாய்க்கால் நீர்ச் சண்டை ஆகியவை ஊருக்குள்ளேயே விசாரிக்கப்பட்டன. 1945 இலே அவை கிராமிய நீதிமன்றங்களாக மாற்றியமைக்கப்பட்டன. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இணக்க சபைகள் வந்தன. 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் கிராமிய நீதிமன்றங்களை ஒழித்தது; அதே பதிற்றாண்டின் இறுதியிலே இணக்க சபைகளும் மறைந்தன. பின்னர் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் வந்தன. அவற்றின் பணியை நாம் போற்றுகின்றோம். எனினும் மத்தியஸ்தம் வேறு, தீர்ப்பு வேறு. இரு பகுதியாரும் இணங்கினாலே மத்தியஸ்தம் பயன் தரும். வலியவன் இணங்க மறுத்தால் எளியவன் மீண்டும் கோட்டுப் படியையே ஏற வேண்டும்.

பூட்டிய கதவும் ஓடிய காலமும்

போர் வந்தது. யாழ்ப்பாணக் கோட்டையை அண்டியிருந்த நீதிமன்றக் கட்டடங்கள் அழிந்தன. நீதிமன்றங்கள் குடிமனைகளிலே நடைபெற்ற காலமும் இருந்தது. கிளிநொச்சி 1996 இலும் 1998 இலும் 2009 சனவரியிலும் கைமாறியது. அந்நகரிலே சரிந்து கிடந்த நீர்த்தாங்கியை நாடே பார்த்தது. அதனோடு சேர்ந்து சரிந்த வழக்கேடுகளையும் உறுதிகளையும் காணிப் பதிவுகளையும் எவரும் படம்பிடிக்கவில்லை.

கதவு பூட்டியிருந்தாலும் சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. நமது ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றைப் பிறனொருவன் உரித்தாளிக்கு மாறாக, இடையறாது 10 ஆண்டுகள் ஆண்டுவிட்டால் அதனைத் தனதென்று கோரலாம். உரித்தாளி வழக்கிட்டாலன்றி அக்காலம் தடைப்படாது. பத்து ஆண்டுகளாக நீதிமன்றமே இல்லாத ஊரிலே அவன் எங்கே சென்று வழக்கிடுவான்?

இக்கேள்விக்குப் பாராளுமன்றம் 2016 ஆம் ஆண்டிலேதான் விடை சொன்னது. அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலினால் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று விதித்தது. பெருமக்களே, அச்சட்டத்தின் உட்பொருளை நோக்குங்கள்! இருபத்தாறு ஆண்டுகளாக இந்நாட்டின் ஒரு பகுதி மக்களுக்கு நீதிமன்றத்தின் வாசல் எட்டவில்லை என்பதற்கு நாட்டின் சட்டவாக்க சபையே எழுதித் தந்த சான்று அது. நாம் மிகைபடக் கூறுகின்றோம் என்போர் அச்சட்டத்தை எடுத்துப் படிக்கட்டும்.

அவ்விடைக்காலத்திலே, 1990 களில், விடுதலைப் புலிகள் தமக்கென நீதிமன்றங்களையும் சட்டக் கோவைகளையும் சட்டக் கல்லூரியையும் அமைத்தனர். கிளிநொச்சியிலே அந்நீதிமன்றங்கள் இயங்கின. வழக்கு விரைவிலே முடிந்தது என்று இங்குள்ள முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மக்கள் அங்கே சென்றதற்குக் காரணம் அண்மை, தமிழிலே பேசிய நீதிபதி, அலைச்சலின்மை. அதனை மறைப்பது உண்மையன்று. ஆனால் படை நடத்துவோரின் கீழே அமர்ந்திருக்கும் நீதிபதி, அப்படையினருக்கு எதிராக ஒரு குடிமகன் கொண்டுவரும் வழக்கிலே சுதந்திரமாகத் தீர்ப்பளிக்க இயலாது என்பதையும் சட்டம் படித்த நாம் சொல்லியாக வேண்டும். எக்கொடியின் கீழாயினும் இவ்விதி மாறாது. 2009 இன் பின்னர் அந்நீதிமன்றங்களின் தீர்ப்புக்களை அரசின் சட்டம் ஏற்கவில்லை. அத்தீர்ப்புக்களை நம்பிக் காணி பிரித்தோரும் மணமுறிவு பெற்றோரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

கட்டடம் வந்தது, அதிகாரம் வந்ததா?

இன்று கிளிநொச்சியிலே நீதிமன்றத் தொகுதி எழுந்துள்ளது. நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் அங்கே இயங்குகின்றன. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் நீதிமன்றங்கள் உள்ளன. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி இவற்றின் மொழி தமிழ். 1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தையே நீதிமன்ற மொழியாக்க முனைந்ததை நினைத்துப் பார்ப்போர்க்கு இதன் அருமை தெரியும். இவற்றையெல்லாம் நாம் வரவேற்கின்றோம்.

ஆனால் கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கு மிக வேண்டிய இரண்டு அதிகாரங்கள் இக்கட்டடங்களுக்குள் வரவில்லை.

முதலாவது காணி பற்றியது. இங்கே அமர்ந்திருப்போரிற் பெரும்பாலோர் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றோர், அல்லது அத்தகையோரின் மக்கள். சட்டத்தின் கண்ணிலே அது அரச காணி. போரிலே இடம்பெயர்ந்தபோது பத்திரம் எரிந்திருக்கலாம். தந்தையார் பின்னுரித்தாளியைப் பெயர் குறிக்காமலே இறந்திருக்கலாம். இந்நிலையிலே, "நீர் இக்காணியில் அத்துமீறியிருக்கின்றீர், வெளியேறும்" என்று அதிகாரி ஒருவர் அறிவித்தல் அனுப்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கு நீதவானிடம் வரும். அங்கே அவர் உங்களிடம் கேட்கக்கூடியது ஒன்றே: செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து மூல அதிகாரமோ உண்டா? இல்லையெனின் வெளியேற்றக் கட்டளை பிறப்பிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. நாற்பது ஆண்டுகள் அம்மண்ணை உழுதீர்கள் என்பதோ, பத்திரம் செல்வீச்சில் எரிந்தது என்பதோ அவர் தீர்க்கக்கூடிய பொருளன்று.

அப்படியாயின் அவ்வறிவித்தலையே சவால் செய்யும் இடம் எது? எழுத்தாணை மனு. அதனை மாகாண மேல் நீதிமன்றத்திலே தாக்கல் செய்யலாம் என்று பலர் நம்பியிருந்தனர். 2013 செப்டெம்பரிலே உயர் நீதிமன்றம் சோலைமுத்து ராசு வழக்கிலே அந்நம்பிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அரச காணி மாகாண சபைகளின் அதிகாரத்துக்குட்பட்டதன்று. ஆதலின் அரச காணியிலிருந்து வெளியேற்றும் அறிவித்தலுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்க இயலாது என்பது அத்தீர்ப்பு. அவ்வழக்கு மலையகத்துத் தோட்டக் காணி பற்றியது. ஆனால் அதன் நிழல் தர்மபுரத்து வயல்வரை நீண்டு விழுகின்றது. அனுமதிப்பத்திரக் கமக்காரன் இன்று கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். காலபோக அறுவடை நடக்கையிலே தவணை வரும். வயலைப் பார்ப்பானா? வழக்கைப் பார்ப்பானா?

இரண்டாவது அடிப்படை உரிமை பற்றியது. சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டாலோ, நிருவாகம் பாரபட்சம் காட்டினாலோ, ஒருவர் உயர் நீதிமன்றத்தில் மட்டுமே மனுச் செய்யலாம். அதுவும் ஒரு மாதத்துக்குள்! தமிழிலுள்ள பத்திரங்களை மொழிபெயர்க்க வேண்டும். கொழும்பிலே சட்டத்தரணியைத் தேட வேண்டும். பயணச் செலவும் தங்குமிடமும் வேண்டும். தடுப்புக் காவலிலே இருப்பவனுடைய தாய் ஒரு மாதத்துக்குள் இவையனைத்தையும் எங்ஙனம் செய்வாள்?

அண்மையிலிருந்த வாசல் செய்த பணி

அதிகாரம் அண்மைக்கு வந்தால் என்ன நிகழும் என்பதற்கும் நம் கண்முன்னே சான்று உண்டு. 1987 இலே நிறைவேறிய 13 ஆம் திருத்தம், ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு அளித்தது. 2009 மே மாதத்திலே படையினரிடம் சரணடைந்தபின் காணாமற்போனோர் சிலரின் மனைவியரும் பெற்றோரும், 2013 இலே வவுனியா மேல் நீதிமன்றத்திலே அத்தகைய மனுக்களைத் தாக்கல் செய்தனர். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்திலே சாட்சியம் பதியப்பட்டது. சரணடைந்த இடத்துக்கு அண்மையிலே, தங்கள் தாய்மொழியிலே, அத்தாய்மார் சாட்சியம் அளித்தனர். 2022 திசம்பரிலே, அவர்களுக்கு நேர்ந்ததை வெளிப்படுத்துமாறு இராணுவத்துக்கு வவுனியா மேல் நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை பிறந்தும் காணாமற்போனவர்கள் வீடு திரும்பவில்லை. அத்தாய்மாரின் கண்ணீர் காயவில்லை. எனினும், அவ்வாசல் வவுனியாவிலே இல்லாதிருந்தால் அவ்வுண்மை நீதிமன்ற ஏட்டிலே ஏறியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

கடல்கடந்தும் ஒரு சான்று காண்போம். ஐக்கிய அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசின் நீதிமன்றம் உண்டு. அலபாமா மாநிலத்தின் மொன்கொமெரி நகரிலே, பஸ்களிற் கறுப்பின மக்களைப் பிரித்து வைத்த சட்டத்தை எதிர்த்து நான்கு கறுப்பினப் பெண்கள் 1956 இலே வழக்கிட்டனர். அவர்களுள் இருவர் பருவ வயதினர். மாநிலத்தின் சட்டமோ அவர்களுக்குப் பகை. ஆனால் அதே நகரிலிருந்த மத்திய நீதிமன்றக் கட்டடத்திலே அவர்களின் வழக்கு விசாரிக்கப்பட்டது. 1956 யூன் 5 ஆம் நாள் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. நவம்பரிலே வாஷிங்ரனிலுள்ள உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அந்நீதிமன்றக் கட்டடம் இன்று, தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவரான பிராங்க் ஜோன்சனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அண்டையிலுள்ள தமிழகத்தையும் பாருங்கள். கன்னியாகுமரி மக்கள் மேல் நீதிமன்றத்தை நாடிச் சென்னைக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் பயணம் செய்தனர். நெடுங்காலக் கோரிக்கையின் பின்னர், 2004 யூலை 24 இலே சென்னை மேல் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்துவைக்கப்பட்டது. அதனால் அந்நாட்டின் ஒருமைப்பாடு குலைந்ததா? இல்லை. தென் மாவட்டத்து ஏழைகள் வழக்காட வழி பிறந்தது.

நீதிபதிக்கும் காவல் வேண்டும்

கட்டடமும் அதிகாரமும் மட்டும் போதா. உள்ளே அமர்ந்திருப்பவர் அச்சமின்றி எழுத வேண்டும். குருந்தூர்மலை வழக்கிலே கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா அவர்கள், உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டி 2023 செப்டெம்பரிலே பதவி துறந்து நாட்டை விட்டுச் சென்றார். அத்தகைய அச்சுறுத்தல் இருக்கவில்லை என்று அரச தரப்புக் கூறிற்று. வடக்கின் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்து வீதியிலே நின்றனர். நீதிபதியே அஞ்சுகின்றேன் என்று எழுதிச் செல்லும் நாட்டிலே வழக்காளியின் நிலை யாது?

இதனைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமாயின், நமது கைகளும் தூயனவாக இருத்தல் வேண்டும். 2012 யூலையிலே மன்னார் நீதிமன்றத்தின் மீது கல் வீசப்பட்டது. 2015 மே 20 இலே, புங்குடுதீவு மாணவியின் கொலையினாற் கொதித்த கூட்டத்தினர் யாழ்ப்பாண நீதிமன்றத் தொகுதியின் மீது கல் வீசினர். அக்கோபம் நமக்குப் புரிகின்றது. அக்கல்லை நாம் ஏற்கவில்லை. அதே யாழ்ப்பாணத்திலே மூன்று தமிழ் நீதிபதிகள் அமர்ந்து விசாரித்து, 2017 செப்டெம்பர் 27 இலே எழுவரைக் குற்றவாளிகளாகக் கண்டு தீர்ப்பளித்தனர். கல் செய்யாததைச் சாட்சியமும் சட்டமும் செய்தன.

நாம் கேட்பவை

பெருமக்களே! நாம் கேட்பவை மூன்று.

ஒன்று: மேன்முறையீட்டு நீதிமன்றம் வடக்கிலே, குறிப்பாகக் கிளிநொச்சியிலே, தவணைதோறும் அமர வேண்டும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. அந்நீதிமன்றம் வழமையாகக் கொழும்பிலே அமர்ந்தாலும், பிரதம நீதியரசர் தகுமெனக் கருதினால் வேறெந்த நீதி வலயத்திலும் மாவட்டத்திலும் அமருமாறு பணிக்கலாம் என்று இன்றைய அரசியலமைப்பே கூறுகின்றது. ஒரு பணிப்புரை போதும்!

இரண்டு: அரச காணி பற்றிய எழுத்தாணை அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்கு வழங்க வேண்டும். பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் அந்நீதிமன்றங்களுக்கு மேலதிக அதிகாரங்களை அளிக்கலாம் என்பதும் அரசியலமைப்பிலே உள்ளதே. அடிப்படை உரிமை மனுக்களை அங்கேயே ஏற்க வேண்டுமாயின் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். அதனையும் கேட்போம்.

மூன்று: தர்மபுரம் போன்ற தூரத்துக் குடியேற்றங்களிலே, குறித்த நாட்களில் நீதவான் வந்தமர்ந்து சிறு வழக்குகளைக் கேட்கும் ஒழுங்கு வேண்டும். இதற்கு மாளிகை வேண்டாம். ஒரு மண்டபமும், தாய்மார் இருக்க நிழலும், குடிக்க நீரும் போதும்.

இவை வரும்வரை நாம் வாளாவிருத்தல் ஆகாது. கமக்காரர் ஒவ்வொருவரும் தம் அனுமதிப்பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்திலே பெற்று வையுங்கள். பின்னுரித்தாளியை உயிரோடிருக்கும்போதே பதிவு செய்யுங்கள். அக்கட்டளைச் சட்டம் 2022 இலே திருத்தப்பட்டு, மூத்த ஆண்மகனுக்கு இருந்த முதலிடம் நீக்கப்பட்டது. மகளுக்கும் சமவுரிமை உண்டென்பதை மறவாதீர்கள். வெளியேற்றும் அறிவித்தல் வந்தால் அன்றே சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ செல்லுங்கள். சட்டத்துறை நண்பர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வூருக்கு வாருங்கள். நீதிபதியை வரச் சொல்லும் நாம் முதலிலே வந்து காட்டுவோம்.

நாம் கேட்பது சலுகையன்று. 1833 இலே ஓர் அந்நிய அரசு தன் நீதிபதிகளுக்கு விதித்த கடமையையே, சுதந்திரம் பெற்ற நாட்டின் குடிமக்களாக நாம் கேட்கின்றோம். இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஒவ்வொரு கமக்கார அமைப்பின் கையொப்பத்தோடும் பிரதம நீதியரசருக்கும் நீதி அமைச்சருக்கும் அனுப்புவோம். ஒருமுறை பதில் வராவிடின் மறுமுறை அனுப்புவோம். நெல் விதைத்தவன் மழை வரும்வரை வயலை விட்டுப் போவதில்லை. நாமும் போகப் போவதில்லை.